கொத்தடிமை மீட்புக்குப் பிறகு: ஒரு குடும்பம், பத்து அலுவலகங்கள்

செங்கல் சூளையிலிருந்து இத்தனை குடும்பங்கள் மீட்பு, அரிசி ஆலையில் கோட்டாட்சியர் திடீர் ஆய்வு, உரிமையாளர் மீது வழக்கு என்று தமிழ்நாட்டு நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வரும். கூடவே கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலக வாசலில் எடுத்த படம் ஒன்றும் இருக்கும். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். படத்தில் நிற்கிற குடும்பங்கள் அன்று ராத்திரி எங்கே தூங்கின, அடுத்த வாரம் எதை வைத்து உலை ஏற்றின, ஒரு வருடம் கழித்து எங்கே இருந்தன என்பதெல்லாம் செய்தியாவதில்லை.

கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏனென்றால் மீட்கப்பட்டவர்களில் சிலர் மறுபடியும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு இன்னொரு சூளைக்குப் போய்விடுகிறார்கள். "இவங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் இப்படித்தான்" என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வலுவாகவே இருக்கிறது. மறுவாழ்வுக்குப் பணமும் ஒதுக்கப்படுகிறது. ஓர் அலுவலகம் தன் வேலையை முடித்து அடுத்த அலுவலகத்திடம் ஒப்படைக்க வேண்டிய இடத்தில்தான் எல்லாம் அறுந்துபோகிறது.

முதலில், மாட்டிக்கொள்வது எப்படி என்று பார்ப்போம். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, விழுப்புரம் பக்கம் மீட்கப்படுகிறவர்களில் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் அதிகம். செங்கல் அறுப்பது, சவுக்கு வெட்டுவது, கரிமூட்டம் போடுவது, ஆலையில் நெல் அவித்துக் களத்தில் காயவைப்பது என்று வேலைகள் பலவகை. மழைக்காலத்தில் வேலை இருக்காது. அந்த நேரம் பார்த்து ஆள் சேர்க்கிற மேஸ்திரியோ முதலாளியோ வந்து பத்தாயிரம், இருபதாயிரம் முன்பணம் கொடுக்கிறார். பிரசவம், காதுகுத்து, மருந்துச் செலவு என்று பணம் இரண்டே நாளில் கரைந்துவிடும். பொங்கல் முடிந்ததும் குடும்பமே சூளைக்குக் கிளம்புகிறது. கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கும். ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, அதில் எவ்வளவு கழித்தார், பாக்கி எவ்வளவு என்பது அவர் சொல்வதுதான். ஊரில் ஒரு சாவு என்றால்கூடக் கணவனை விட்டுவிட்டு மனைவி போகலாம், அல்லது பிள்ளையை நிறுத்திவிட்டு இருவரும் போகலாம். மொத்தக் குடும்பமும் ஒன்றாக வெளியே போக முடியாது.

கை கால்களில் சங்கிலி போட்டிருக்க வேண்டும் என்று 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் எதிர்பார்க்கவில்லை. முன்பணம் போன்ற ஒரு கடப்பாட்டுக்காகக் கூலியே இல்லாமலோ பெயருக்கு ஒரு கூலிக்கோ வேலை செய்வது, வேறு வேலைக்குப் போக முடியாமல் இருப்பது, விருப்பப்படி வெளியே நடமாட முடியாமல் இருப்பது, தன் உழைப்பையோ விளைபொருளையோ சந்தை விலைக்கு விற்க முடியாமல் இருப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வாங்கிக்கொண்டு உழைப்பது கட்டாய உழைப்பே என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த ஆண்டு, ஃபரிதாபாத் கல் குவாரித் தொழிலாளர்கள் பற்றிய வழக்கில், ஒருவர் கட்டாயத்தின்பேரில் உழைக்கிறார் என்று தெரிந்தால் அதற்குப் பின்னால் முன்பணம் இருக்கிறது என்றே கருத வேண்டும் என்றது. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கிற பொறுப்பைச் சட்டம் கடன் கொடுத்தவர் மேல்தான் வைத்திருக்கிறது. தொழிலாளியிடம் போய் "அட்வான்ஸ் வாங்கினதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிற அதிகாரி சட்டத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்.

இனி மீட்பு நாள். தகவல் பெரும்பாலும் தப்பி வந்த ஒருவர் மூலமாகவோ சொந்தக்காரர்கள் மூலமாகவோ கிளம்பும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவாக வரும், அல்லது ஒரு தொண்டு நிறுவனம் கோட்டாட்சியரிடம் கொண்டுபோகும். ஒடுக்கப்பட்டவர்களோடு வேலை செய்கிற அமைப்புகள் இங்கே செய்கிற வேலை பெரிது. எந்த ஊர், எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள், முதலாளி எப்போது இருப்பார் என்றெல்லாம் முன்கூட்டியே விசாரித்து வைத்தால்தான் அரசு வண்டி சரியான இடத்தில் போய் நிற்கும். தகவல் ஓரிடத்தில் கசிந்தாலும் வண்டி போவதற்குள் சூளை காலியாகிவிடும்.

களத்தில் முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியமானது. தொழிலாளர்களையும் முதலாளியையும் ஒரே இடத்தில் நிறுத்தி "உனக்கு இங்க ஏதாச்சும் கஷ்டமா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லைங்க" என்றுதான் பதில் வரும். தனித்தனியே, முதலாளியின் கண்ணில் படாத இடத்தில், பெண்களைப் பெண் அதிகாரி விசாரிக்க வேண்டும். வருவாய்த்துறை, தொழிலாளர் துறை, காவல்துறை மூன்றும் ஒன்றாகப் போவது இதனால்தான். வாக்குமூலம் வாங்குவதும் கொத்தடிமைத்தனம் என்று முடிவுசெய்வதும் வருவாய்த்துறையின் வேலை. கூலி பாக்கியைக் கணக்குப் போடுவது தொழிலாளர் துறையின் வேலை. பாதுகாப்பும் முதல் தகவல் அறிக்கையும் காவல்துறையின் வேலை. சின்ன விஷயமாகத் தோன்றுகிற ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்களுடைய பாத்திரம், துணிமணி, ஆடு, கோழி, முதலாளி வாங்கி வைத்திருக்கிற ஆதார் அட்டை எல்லாவற்றையும் அன்றைக்கே வண்டியில் ஏற்ற வேண்டும். "அப்புறம் வந்து எடுத்துக்கலாம்" என்று விட்டால், எடுக்கப் போகிறவர் மறுபடியும் முதலாளி முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

அன்றே கோட்டாட்சியர் தர வேண்டியது விடுதலைச் சான்றிதழ். ஒரு தாள்தான். ஆனால் அதற்குப் பிறகு வருகிற எல்லா உதவிகளும் அதில்தான் தொங்குகின்றன. கடன் சட்டப்படி ரத்தாகிவிட்டது என்பதற்கு அதுதான் கையிலிருக்கிற ஆவணம். அந்தக் கடனுக்கென்று யாராவது பணம் வாங்கினால் அதுவே குற்றம். சான்றிதழ் இல்லாமல் ஊருக்கு அனுப்பப்பட்ட குடும்பம் அரசின் கண்ணில் வேலையை விட்டு வந்த கூலிக் குடும்பம், அவ்வளவுதான். "விசாரணை முடியட்டும், அப்புறம் தருகிறோம்" என்று தள்ளிப்போடுவதை நான் மிகப் பெரிய தவறாகப் பார்க்கிறேன். குடும்பம் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால், அந்தத் தாளுக்காக எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு அலைவார்கள்?

பணத்தைப் பற்றி விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சம்பந்தப்பட்டவர்களுக்கே பல நேரம் இது தெரிவதில்லை. கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வுக்கான மத்திய அரசுத் திட்டம் 2016-ல் மாற்றியமைக்கப்பட்டது. மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக அப்போது 20,000 ரூபாய் வரை, இப்போது 30,000 ரூபாய் வரை தரலாம். இதற்காக மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிதி எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். பிறகு முழு மறுவாழ்வுத் தொகை: ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல், ஆள்கடத்தல் போன்ற கொடுமைகளுக்கு ஆளானவர்களுக்கும் திருநர்களுக்கும் 3 லட்சம்.

இந்த இரண்டாவது தொகை எளிதில் கைக்கு வராது. வழக்கின் முடிவோடு அது கட்டப்பட்டிருக்கிறது. தண்டனை விவரம் இல்லை என்பதற்காக, தொகை கேட்டு அனுப்புகிற முன்மொழிவை நிறுத்தக்கூடாது என்று திட்டமே சொன்னாலும், இறுதியாகப் பணம் தருவது நீதிமன்ற நடைமுறையைப் பொறுத்தது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. வழக்கு எத்தனை வருடம் போகும் என்பது நமக்குத் தெரிந்ததே. ஆக, காவல்துறை குற்றப்பத்திரிகையை எந்த வேகத்தில் தாக்கல் செய்கிறது என்பதைப் பொறுத்து ஒரு இருளர் பெண்ணுக்கு ஆடு வாங்கப் பணம் வருமா வராதா என்பது முடிவாகிறது. வருவாய்த்துறை எவ்வளவு அக்கறையோடு செயல்பட்டாலும், காவல் நிலையத்தில் கோப்பு தூங்கினால் குடும்பம் பட்டினிதான். இந்த முடிச்சை மத்திய அரசு அவிழ்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் பிழைத்து எழுவதற்கும் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதற்கும் ஒரே கடிகாரம் வைத்திருப்பது நியாயமில்லை.

காவல்துறையின் பங்கிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு சிறை, 2,000 ரூபாய் அபராதம். அந்த ஒரு சட்டத்தில் மட்டும் வழக்குப் போட்டால் முதலாளிக்குப் பெரிய பயம் இருக்காது. ஆசை காட்டியோ ஏமாற்றியோ மிரட்டியோ அழைத்துவந்து சுரண்டியிருந்தால் அது ஆள்கடத்தல். இந்திய தண்டனைச் சட்டத்தில் 370-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதையில் 143-ஆம் பிரிவு. ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் கடத்தியிருந்தால் குறைந்தது பத்து ஆண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்து, செய்தவர் அப்படி இல்லாதவராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். கட்டாய உழைப்பையும் கொத்தடிமையையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது. அந்தப் பிரிவு சேர்ந்தால் விசாரணையை டி.எஸ்.பி. எடுப்பார், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை வழியாக நிவாரணமும் வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் வரும். கொத்தடிமை வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கிற குடும்பத்துக்கு அந்த நிவாரணம் உயிர்த்தண்ணீர். முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு போடுகிறார்கள் என்பதற்கும் வீட்டில் அடுப்பு எரிவதற்கும் இப்படி நேர் சம்பந்தம் உண்டு.

ஆனால் வன்கொடுமைப் பிரிவு போட வேண்டுமென்றால் நடைமுறையில் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். இருளர் குடும்பங்களில் பலரிடம் அது இல்லை. பழங்குடியினர் சான்றிதழ் தருகிற அதிகாரி யார் தெரியுமா? அதே கோட்டாட்சியர். விடுதலைச் சான்றிதழ் தருகிற அலுவலகமும் அதுவே. ஒரே கட்டடத்தில், ஒரே அதிகாரியின் மேசையில் முடிய வேண்டிய இரண்டு தாள்களில் ஒன்று அன்றே கிடைத்து, மற்றொன்று வருடக்கணக்கில் இழுத்தால், அது அலுவலகங்களுக்கு நடுவே உள்ள தூரத்தால் வந்த கோளாறு என்றுகூடச் சொல்ல முடியாது. மீட்பு நாளில் எடுத்த விவரங்களை வைத்தே சாதிச் சான்றிதழ் விசாரணையையும் தொடங்கிவிடலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம், மனம் வைத்தால் போதும்.

மீட்கப்பட்டவர்களில் குழந்தைகள் இருந்தால் வேறொரு வரிசை தொடங்குகிறது. 18 வயதுக்குக் கீழே உள்ள, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் ஆஜர்படுத்த வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். பெற்றோரோடு சூளையில் இருந்த பிள்ளைக்கும், ஆடு மேய்க்கவோ வாத்து மேய்க்கவோ தனியாக அடகு வைக்கப்பட்ட பிள்ளைக்கும் தேவைப்படுவது ஒன்றல்ல. பெற்றோரோடு இருந்த பிள்ளையைப் பிரிக்காமல் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தால் பெரும்பாலும் போதும். தனியாக இருந்த பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்பது கவனமாக முடிவெடுக்க வேண்டிய விஷயம். பெற்றோரே கடனுக்காக அனுப்பியிருக்கலாம், அந்தக் கடன் வீட்டில் இன்னும் அப்படியே இருக்கலாம். பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அந்த வீட்டுக்கு ரேஷன் வருகிறதா, கடன்காரர் தொல்லை நின்றதா என்று யாராவது போய்ப் பார்த்தார்களா? குழந்தைகள் பாதுகாப்பு அலகும் வருவாய்த்துறையும் பேசிக்கொள்ளாமல் இதற்குப் பதில் கிடைக்காது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் 2023-ல் இருந்து மாநில அரசின் கட்டுப்பாட்டுக்கு வந்து 112 அவசர எண்ணோடு இணைக்கப்பட்டிருப்பதால், தகவல் சேர வேண்டிய இடங்களெல்லாம் இப்போது அரசுக்குள்ளேயே இருக்கின்றன.

பெண்கள் விஷயத்தில் நாம் இன்னும் பின்தங்கியே இருக்கிறோம். முதலாளியாலோ மேஸ்திரியாலோ பாலியல் கொடுமை நடந்திருந்தால், கணவனும் மாமியாரும் சுற்றி நிற்கும்போது மீட்பு நாளன்று எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். மாதங்கள் கழித்து, நம்பிக்கையான ஒரு பெண்ணிடம் சொல்லக்கூடும். சொல்லும்போது வழக்கில் புதிய பிரிவு சேர்க்க வேண்டும், மருத்துவ உதவி வேண்டும், மனநல ஆலோசனை வேண்டும், மறுவாழ்வுத் தொகை 2 லட்சத்திலிருந்து 3 லட்சமாக வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதற்காகவே மாவட்டங்களில் சகி ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இருக்கின்றன. மருத்துவம், காவல், சட்ட உதவி, ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பதுதான் 2015-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் நோக்கம். கொத்தடிமை மீட்புக் குழுக்கள் இந்த மையத்தின் ஆலோசகரை முதல் நாளிலேயே உடன் அழைத்துப்போவதை வழக்கமாக்க வேண்டும்.

ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து திருவள்ளூர் சூளைகளுக்கு வருகிறவர்களின் நிலைமை இன்னும் சிக்கல். மீட்பவர் தமிழ்நாட்டு அதிகாரி, மறுவாழ்வு தர வேண்டியவர் ஒடிசா அதிகாரி. வாக்குமூலம் வாங்க ஒடியா தெரிந்தவர் வேண்டும். வழக்கு இங்கே நடக்கும், சாட்சி அங்கே இருப்பார். ரயில் ஏற்றிவிடுகிற அதிகாரி, சான்றிதழின் நகலை அந்த மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பி, குடும்பம் இந்தத் தேதியில் வந்து சேரும் என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். சொல்லாவிட்டால், ஊர் போய்ச் சேருகிற குடும்பத்தை எதிர்கொள்கிறவர் அங்கே முதலில் அட்வான்ஸ் கொடுத்த தரகர்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறையும் அல்ல. ஃபரிதாபாத் குவாரிகளிலிருந்து விடுவிக்கப்பட்டு மத்தியப் பிரதேசத்தில் தங்கள் கிராமங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தொழிலாளர்கள், மாதங்கள் போயும் எந்த உதவியும் இல்லாமல் கிடப்பதைப் பார்த்த பத்திரிகையாளர் நீரஜா சௌத்ரி உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அதை வழக்காக எடுத்துக்கொண்ட நீதிமன்றம், விடுவிப்பதோடு நிறுத்தினால் மறுபடி வறுமைக்கும் அடிமைத்தனத்துக்கும்தான் தள்ளப்படுவார்கள் என்று 1984-ல் சொல்லிவிட்டது. நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

அப்படியானால் எல்லாவற்றையும் யார் சேர்த்துப் பிடிப்பது? 1976-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்குப் பதில் உண்டு. மாவட்ட அளவிலும் கோட்ட அளவிலும் விழிப்புக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. மாவட்டக் குழுவுக்குத் தலைவர் ஆட்சியர். பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சேர்ந்த மூன்று பேர், சமூக சேவகர்கள் இரண்டு பேர், ஊரக வளர்ச்சி அமைப்புகளின் பிரதிநிதிகள், கடன் தரும் நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் அதில் இருக்க வேண்டும். மறுவாழ்வுக்கு ஏற்பாடு செய்வது, ஊரக வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் இவர்களுக்குக் கடன் தரும்படி ஒருங்கிணைப்பது, விடுதலையானவர் மேல் கடன் வழக்குப் போட்டால் அதை எதிர்த்து வாதாடுவது வரை குழுவின் கடமைகள். 1976-லேயே இவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள்.

குழு கூடுகிற நாளில் மேசையில் துறைவாரியான அறிக்கைகள் இருந்தால் பலன் குறைவு. குடும்பவாரியான பட்டியல் இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு 30,000 வந்ததா, வங்கிக் கணக்கு திறந்தாயிற்றா, ரேஷன் அட்டை இருக்கிறதா, பட்டா என்ன ஆயிற்று, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ரேஷன் அட்டை இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் கிடைக்காது. ஒரு தாள் இல்லையென்றால் வரிசையாக எல்லாமே நிற்கும் என்பது குடும்பவாரியாகப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் கூடவே நடக்கிற ஒரு ஆள். இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனப் பணியாளர்களும், தாங்களே ஒருகாலத்தில் கொத்தடிமையாக இருந்து மீண்டு சங்கமாகத் திரண்டிருக்கிறவர்களும் செய்கிறார்கள். சங்கத்தில் இருப்பவர் சொன்னால் புதிதாக மீட்கப்பட்டவர் நம்புவார், தான் பட்டதை அவரும் பட்டிருக்கிறார் என்பதால். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்களையும் இதற்குப் பயன்படுத்தலாம். கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இப்படி ஒருவர் இல்லாதபோது, எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தொழிலாளியே தன் கோப்பைச் சுமந்துகொண்டு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், காவல் நிலையம், வங்கி என்று அலைகிறார். ஒவ்வொரு இடத்திலும் தன் கதையை முதலிலிருந்து சொல்கிறார். ஒரு நாள் அலைச்சல் ஒரு நாள் கூலி.

நன்றாக நடந்ததும் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில், மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களே செங்கல் சூளை நடத்த மாவட்ட நிர்வாகம் வழி செய்து கொடுத்தது. அந்தக் குடும்பங்களுக்குக் கைவந்த தொழில் அது. நிலம், முதலீடு, விற்பனை மூன்றும் இல்லாததால்தான் அதில் அடிமையாக இருந்தார்கள். வருவாய்த்துறையும் ஊரக வளர்ச்சித்துறையும் சேர்ந்து அந்த மூன்றுக்கும் வழி பார்த்தபோது முதலாளி தேவைப்படவில்லை.

இருளர்கள் மத்திய அரசின் பட்டியலில் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகளில் ஒன்றாக இருப்பதால், அத்தகைய பழங்குடிகளுக்காக 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தில் வீடு கட்டவும் வழி உண்டு. வீடு கட்ட மனை வேண்டும், மனைக்குப் பட்டா வேண்டும், பட்டா தாசில்தாரிடம் இருக்கிறது. மீட்கப்பட்ட குடும்பங்களின் பெயர்கள் அந்தப் பயனாளிகள் பட்டியலில் இருக்கின்றனவா என்று விழிப்புக் குழு கேட்டாலே பலருக்கு வேலை நகரும்.

குழு எப்போது கூட வேண்டும் என்பதற்கும் என்னிடம் ஒரு பதில் உண்டு. ஐப்பசியில் மழை பிடித்ததும் மேஸ்திரிகள் அட்வான்ஸோடு ஊருக்குள் வருவார்கள். அதற்கு முன்னால், புரட்டாசியிலேயே, மீட்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்தையும் போய்ப் பார்த்துவிட வேண்டும். வீட்டில் அரிசி இருக்கிறதா, மழைக்கால வேலைக்கு ஊரக வேலை அட்டை கையில் இருக்கிறதா, மருத்துவச் செலவு எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்து, குறைந்த வட்டியில் சுய உதவிக் குழுக் கடனோ உடனடி உதவியில் மிச்சமிருக்கிற தொகையோ அப்போது கைக்குப் போய்ச் சேர வேண்டும். தை மாதம் சூளைக்குப் போன பிறகு தேடிப் போவதைவிட இதற்கு ஆகிற செலவு குறைவு.